ஓடுபாதைக்கு அப்பால் – 11: கையில் உள்ள தகுதியும் வாங்கப்போகும் தகுதியும்

விமானியின் உரிமம் ஒரே ஆவணம்போலத் தோன்றினாலும், நடைமுறையில் அது இரண்டு அடுக்குகளைக் கொண்டது. வணிக விமானி உரிமமும் அதற்கு மேற்படியான விமானப் போக்குவரத்து விமானி உரிமமும், ஒருவர் ஊதியம் பெற்றுக்கொண்டு விமானம் ஓட்டலாம் என்று சொல்லுமே தவிர, எந்த விமானத்தை ஓட்டலாம் என்று சொல்வதில்லை. அதைச் சொல்வது, டைப் ரேட்டிங் என்று தொழிலில் வழங்கும் வகைத் தகுதி. இரண்டு விமானிகள் சேர்ந்து இயக்க வேண்டும் என்று சான்றளிக்கப்பட்ட ஒவ்வொரு விமான வகைக்கும் இத்தகைய தகுதியைத் தனியே பெற்று உரிமத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. போயிங் 737-இல் பத்தாயிரம் மணி நேரம் பறந்த ஒரு கேப்டன், அந்தத் தகுதி மட்டும் இருக்கும்வரை, ஏர்பஸ் ஏ320-இன் துணை விமானி இருக்கையில்கூடப் பயணிகளுடன் பறக்க முடியாது. ஒரு நிறுவனம் மூடப்படும்போது அதன் கணக்கரும் நிர்வாகியும் வேறு தொழிலகத்தின் கதவைத் தட்டலாம். விமானியோ, தான் ஓட்டிய அதே வகை விமானத்தை வைத்திருக்கும் நிறுவனங்களின் கதவுகளையே முதலில் தட்ட வேண்டியிருக்கிறது. இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் பேசப்பட்ட நிறுவன வீழ்ச்சிகளுக்குப் பின்னர், வேலை இழந்த விமானிகளிடையே ஒவ்வொரு முறையும் எழுந்த கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது: சொந்தப் பணத்தைப் போட்டு இன்னொரு வகைத் தகுதி வாங்கினால் வேலை கிடைக்குமா, கிடைக்குமென்றால் எந்த வகையை வாங்குவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடுமுன், விற்கப்படும் பொருள் எதுவென்று பார்ப்பது நல்லது. வகைத் தகுதிப் பயிற்சி பொதுவாக ஒன்றரை இரண்டு மாதங்கள் நடப்பது. முதலில் எஞ்சின், மின்சாரம், நீர்ம அழுத்தம், எரிபொருள், தானியங்கிப் பறப்பு ஆகிய அமைப்புகளைப் பற்றிய வகுப்புகளும் எழுத்துத் தேர்வும். அடுத்து, அசையாத விமானி அறை மாதிரியில் பொத்தான்களையும் நடைமுறை வரிசைகளையும் கைக்குப் பழக்கும் பயிற்சி. அதன்பின், உண்மை விமானத்தின் அசைவுகளை அப்படியே காட்டும் முழுப் பறப்புச் சிமுலேட்டரில் நான்கு நான்கு மணி நேர அமர்வுகள். அந்த நான்கு மணி நேரத்தில் பாதி நேரம் ஒருவர் விமானத்தை இயக்க, மற்றவர் கண்காணிப்பார். மீதி நேரத்தில் இடம் மாறிக்கொள்வார்கள். எஞ்சின் அணைந்துபோதல், தீப்பற்றல், அறையின் காற்றழுத்தம் குறைதல் போன்ற நேர்வுகள் மீண்டும் மீண்டும் பயிற்றுவிக்கப்பட்டு, இறுதியில் தேர்வாளர் முன் திறன் சோதனை நடக்கிறது. அனுபவம் குறைந்தவர்கள் இதற்கு மேல் பயணிகள் இல்லாத உண்மை விமானத்தில் சில முறை ஏறியும் இறங்கியும் காட்ட வேண்டும். இந்தியாவில் இவ்வளவுக்கும் ஆகும் செலவு, வகையையும் மையத்தையும் பொறுத்து, சுமார் 10 லட்சம் முதல் 25 லட்சம் ரூபாய் வரை சொல்லப்படுகிறது. பல மாதச் சம்பளப் பாக்கியோடு வெளியே வந்த ஒருவருக்கு இது சிறிய தொகையல்ல.

ஆனால் இத்தனைக்கும் பின்னர் உரிமத்தில் ஏறும் அந்த ஒற்றை வரி, விமானியை வேலைக்குத் தயாரானவராக ஆக்கிவிடுவதில்லை. திறன் சோதனைக்குப் பிறகு வழித்தடப் பயிற்சி என்ற ஒரு கட்டம் இருக்கிறது. பயணிகள் அமர்ந்திருக்கும் வழக்கமான பயணங்களில், பயிற்றுநரான கேப்டனின் மேற்பார்வையில், பல வாரங்கள் பறந்து தேறுவதே அது. முந்தைய கட்டங்களையெல்லாம் குருகிராமிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ உள்ள ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி முடித்துவிடலாம். இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் எந்த மையமும் விற்க முடியாது, ஏனெனில் அதற்கு வேண்டிய விமானமும் பயணிகளும் வழித்தடமும் விமான நிறுவனத்திடம் மட்டுமே உள்ளன. ஆட்சேர்ப்பு விளம்பரங்களில் ‘அந்த வகையில் குறைந்தது 500 மணி நேரம்’ என்பது போன்ற நிபந்தனை அடிக்கடி இடம்பெறுவதன் காரணமும் இதுவே. நிறுவனம் தேடுவது தகுதிச் சான்றை அன்று. தன் பயிற்சிக் கேப்டன்களின் நேரத்தைச் செலவிடாமல் ஓரிரு வாரங்களில் பணிப்பட்டியலில் சேர்த்துவிடக்கூடிய ஆளையே அது தேடுகிறது. எனவே சொந்தச் செலவில் வாங்கப்பட்டு, ஒரு மணி நேரம்கூடப் பறக்கப்படாத இரண்டாவது தகுதி, விண்ணப்பதாரரை அனுபவசாலிகளின் வரிசையில் நிறுத்துவதில்லை. அந்த வகையில் புதிதாகத் தேறிய இளைஞர்களின் வரிசையின் கடைசியில்தான் பெரும்பாலும் நிறுத்துகிறது. தொழில் விரிவடையும் காலங்களில் அந்த இளைஞர் வரிசையே மளமளவென்று நகரும் என்பதும் உண்மை. ஆனால் பெருமளவில் வேலை இழப்பு நிகழும் காலங்கள் அத்தகைய காலங்களாக இருப்பது அரிது.

இதில் துணை விமானிக்கும் கேப்டனுக்கும் நிலைமை ஒன்றல்ல. கேப்டன் நிலையில் நேரடியாகச் சேர வேண்டுமானால், அதே வகையில் கேப்டனாகப் பறந்த மணி நேரங்கள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. வகை மாறிச் செல்லும் கேப்டன் பல நிறுவனங்களில் வலப்புற இருக்கையிலிருந்து, அதாவது துணை விமானியாக, மீண்டும் தொடங்கிப் பணிமூப்பு வரிசையில் காத்திருக்க நேர்கிறது. இடப்புற இருக்கையில் பதினைந்து ஆண்டுகள் அமர்ந்தவருக்கு வகை மாற்றத்தின் உண்மையான விலை பயிற்சிக் கட்டணமன்று, இந்த இறக்கமே. சில நூறு மணி நேரம் மட்டுமே பறந்த இளம் துணை விமானிக்கு இழப்பதற்கு அவ்வளவு இல்லாததால், வகை மாற்றம் அவருக்கு எளிது.

2019 ஏப்ரல் 17 அன்று இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்ததோடு ஜெட் ஏர்வேஸ் நிறுவனத்தின் சேவை நின்றுபோனது. 1993-இல் பறக்கத் தொடங்கிய அந்த நிறுவனத்தின் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானிகளில் பெரும்பாலோர் போயிங் 737 ஓட்டியவர்கள். மற்றவர்கள் போயிங் 777, ஏர்பஸ் ஏ330, ஏடிஆர் 72 ஆகியவற்றில் இருந்தவர்கள். அந்த வீழ்ச்சி நேர்ந்த வேளை 737 விமானிகளுக்கு இரட்டை அடியாக அமைந்தது. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவிலும், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவிலும் நேர்ந்த இரண்டு விபத்துகளில் மொத்தம் 346 பேர் இறந்ததை அடுத்து, புதிய 737 மேக்ஸ் விமானங்கள் உலகெங்கும் தரையிறக்கப்பட்டிருந்தன; இந்தியாவில் அந்தத் தடை 2021 ஆகஸ்டு வரை நீடித்தது. உள்நாட்டில் 737 வைத்திருந்த முக்கிய நிறுவனங்கள் ஸ்பைஸ்ஜெட்டும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் மட்டுமே. ஜெட்டின் பழைய 737-களில் கணிசமானவற்றை ஸ்பைஸ்ஜெட் குத்தகைக்கு எடுத்தது. சிலவற்றை, அதுவரை ஏ320 மட்டுமே வைத்திருந்த விஸ்தாராவும் எடுத்தது. விமானங்கள் போன இடத்துக்கே விமானிகளும் போனார்கள். அவர்களில் பலர் முன்பைவிடக் குறைந்த ஊதியத்துக்கு ஒப்புக்கொண்டதாக அக்காலச் செய்திகள் தெரிவித்தன. ஒரே தகுதி கொண்ட நூற்றுக்கணக்கானோர் ஒரே வாரத்தில் சந்தைக்கு வரும்போது, பேரம் பேசும் வலிமை வேலை கொடுப்பவரிடமே இருக்கும்.

அகன்ற உடல் கொண்ட இரட்டை நடைவழி விமானங்களை ஓட்டியவர்களின் நிலை வேறுவிதமானது. 777-ஐ வைத்திருந்த வேறு இந்திய நிறுவனம் ஏர் இந்தியா ஒன்றே என்றாலும், வளைகுடா நிறுவனங்கள் அவ்வகையைப் பெருமளவில் வைத்திருந்ததால், கடல் கடக்கத் துணிந்தவர்களுக்கு வழி இருந்தது. ஏ330-ஐ அப்போது வேறு எந்த இந்திய நிறுவனமும் இயக்கவில்லை. இருந்தும், பின்னர் விளக்கப்படும் ஒரு காரணத்தால், அதன் விமானிகள் ஏ320-க்குத் திரும்புவது மற்றவர்களுக்கு இருந்ததைவிட எளிதாக இருந்தது.

இதனோடு மற்ற இரண்டு வீழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றபோது அதன் விமானிகளில் பெரும்பாலோர் ஏ320 குடும்பத்தையும் ஏடிஆரையும் ஓட்டியவர்கள். இண்டிகோ, பின்னர் கோ ஃபர்ஸ்ட் எனப் பெயர் மாறிய கோஏர், ஏர் இந்தியா ஆகிய மூன்றும் ஏ320 குடும்பத்தை இயக்கி வந்தன. 2023 மே 2 அன்று திவால் நடவடிக்கைக்கு மனு அளித்து மறுநாள் முதல் பறப்பை நிறுத்திய கோ ஃபர்ஸ்ட், முழுவதும் ஏ320 நிறுவனம். அதே ஆண்டு பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், ஜூன் மாதத்தில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் அறிவித்த காலம் அது. ஆகவே கோ ஃபர்ஸ்ட் விமானிகள், ஜெட் விமானிகளைப் போல மாதக்கணக்கில் திகைத்து நிற்க நேரவில்லை. தகுதியின் மதிப்பு அந்த விமானத்தின் தரத்தாலோ பெயராலோ அமைவதில்லை. விமானி வெளியே தள்ளப்படும் அந்த மாதத்தில், அதே வகையை இயக்கும் எத்தனை நிறுவனங்கள் புதிய விமானங்களை வரவழைத்துக்கொண்டிருக்கின்றன என்பதால்தான் அமைகிறது.

இருந்தாலும், ‘ஏ320 வாங்கிவிட்டால் கவலையில்லை’ என்று பயிற்சி மையங்களின் முகவர்கள் சொல்வதை அப்படியே ஏற்பதற்கில்லை. கோ ஃபர்ஸ்ட் தன் வீழ்ச்சிக்குக் காரணமாகக் காட்டியது, ஏ320 நியோ விமானங்களில் பொருத்தப்பட்டிருந்த பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களின் கோளாறு. அதே எஞ்சின் குடும்பத்தால் இண்டிகோவும் 2024 தொடக்கத்தில் எழுபதுக்கு மேற்பட்ட விமானங்களை நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஒரு வகை எவ்வளவு பரவலாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு அதன் ஒரு குறையும் பரவலாகத் தாக்கும். 737 மேக்ஸ் தடையும் இதையே காட்டியது.

பரவலில்லாத வகையின் ஆபத்துக்குத் தென்னிந்தியாவிலேயே சான்று உண்டு. சென்னையைத் தளமாகக் கொண்டு 2005-இல் பறக்கத் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ், பிரேசில் நாட்டுத் தயாரிப்பான எம்ப்ரேயர் 170, 175 விமானங்களை இயக்கியது. 2010-இல் அது நின்றபோது, அதே வகையைப் பயணிகள் சேவையில் இயக்கிய வேறு உள்நாட்டு நிறுவனம் இல்லை. விஜயவாடாவைத் தளமாகக் கொண்ட ஏர் கோஸ்டா 2013-இல் எம்ப்ரேயர்களுடன் வந்தது. 2017-இல் அதுவும் நின்றது. பின்னர் 2023-இல் ஸ்டார் ஏர் நிறுவனம் எம்ப்ரேயர் 175-ஐச் சேவையில் சேர்க்கும்வரை இந்தத் தகுதிக்கு உள்நாட்டில் சொல்லத்தக்க பயன் இருக்கவில்லை. விமானம் நல்ல விமானம்தான். அமெரிக்காவின் பிராந்தியச் சேவைகள் அதை நூற்றுக்கணக்கில் பறக்கவிடுகின்றன. ஆனால் அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை இல்லாத மதுரைக்காரருக்கோ கோவைக்காரருக்கோ அந்த எண்ணிக்கையால் பயனில்லை. எத்தனை விமானங்கள் பறக்கின்றன என்பதைவிட, தனக்குச் சட்டப்படி வேலை செய்ய இடமுள்ள நாடுகளில் எத்தனை பறக்கின்றன என்பதே விமானி கேட்க வேண்டிய கேள்வி. இந்த வேறுபாட்டை மறந்து உலகச் சந்தைப் புள்ளிவிவரங்களைப் பார்த்துத் தகுதி வாங்கி ஏமாறுவது இத்தொழிலில் புதிதன்று.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, தகுதிகளுக்கு இடையிலான உறவு. 1987-இல் முதன்முதலாகப் பறந்த ஏ320, விமானியின் கட்டளையைக் கம்பிகளுக்கும் கப்பிகளுக்கும் பதிலாக மின் சைகைகளாக இறக்கைகளுக்குக் கொண்டுசெல்லும் முறையை எண்ணியல் வடிவில் பயணிகள் சேவைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் தானே வடிவமைத்த விமானங்கள் எல்லாவற்றிலும் ஏர்பஸ் ஏறத்தாழ ஒரே வகையான விமானி அறையையும் ஒரே இயக்கத் தத்துவத்தையும் கடைப்பிடித்தது. விளைவாக, ஏ318 முதல் ஏ321 வரை பழையதும் நியோவும் ஒரே தகுதிக்குள் அடங்குகின்றன. ஏ320-இலிருந்து ஏ330-க்கு மாற முழுப் பயிற்சிக்குப் பதிலாக எட்டு வேலை நாள் அளவிலான சுருக்கப் பயிற்சியே போதுமென்று அந்நிறுவனம் வகுத்திருக்கிறது. ஜெட்டின் ஏ330 விமானிகளுக்கு இருந்த வசதி இதுதான். ஏ330-உம் ஏ350-உம் பொதுத் தகுதி உடையவை. போயிங்கில் 777-க்கும் 787-க்கும் அவ்வகை உறவு உண்டு. 737-க்கு அவற்றோடு அத்தகைய உறவு இல்லை. 1967-இல் முதலில் பறந்த அந்த விமானம், பழைய தலைமுறைகளின் விமானிகளுக்கு மறுபயிற்சி வேண்டாதிருக்க வேண்டுமென்றே தன் பழைய வடிவத்தைப் பெரிதும் காத்துவந்தது. அந்தப் பிடிவாதம் மேக்ஸ் விபத்துகளின் பின்னணியில் எவ்வளவு விவாதிக்கப்பட்டது என்பது தனிக் கதை. ஆக, ஏ320 தகுதி வாங்குபவர் ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறார். 737 தகுதி வாங்குபவர் ஒரு தனி வீட்டுக்குள் நுழைகிறார். இண்டிகோ 2024 ஏப்ரலில் 30 ஏ350 விமானங்களை வாங்க முடிவு செய்தபோது, ஏ320 விமானிகளுக்கு அந்தக் குடும்ப வழியாக இன்னொரு படியும் தெரிந்தது.

இருந்தும், 2019-இல் 737-ஐ முடிந்துபோன கதையாகக் கருதியவர்களின் கணிப்பு மூன்றே ஆண்டுகளில் தலைகீழானது. 2022 ஆகஸ்டு 7 அன்று சேவையைத் தொடங்கிய ஆகாசா ஏர் முழுக்க 737 மேக்ஸ் நிறுவனம். 72-இல் தொடங்கிய அதன் ஆர்டர் 2024 ஜனவரிக்குள் 226 ஆனது. ஏர் இந்தியாவின் 470-இல் 190 விமானங்கள் மேக்ஸ். இந்த எண்களைக் கண்டு மேக்ஸ் பக்கம் சாய்ந்தவர்களும் உடனே பலன் கண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானமொன்றின் கதவு அடைப்புப் பலகை நடுவானில் பெயர்ந்து விழுந்ததும், அதையடுத்து அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு மேக்ஸ் உற்பத்திக்கு வரம்பு விதித்ததும், அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் போயிங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் சேர்ந்து விமானங்களின் வருகையைத் தாமதப்படுத்தின. முன்கூட்டியே பணியமர்த்தப்பட்ட விமானிகளில் பலர் பறக்க விமானமின்றிக் காத்திருக்க நேர்ந்தது. ஆர்டர் பட்டியல் என்பது நிறுவனத்தின் விருப்பம். விநியோக அட்டவணைதான் வேலைவாய்ப்பு. இரண்டுக்கும் இடையில் ஆண்டுகள் கிடக்கின்றன, வாங்கிய தகுதியோ அத்தனை ஆண்டுகள் காத்திருப்பதில்லை.

காத்திருக்காது என்பதற்குக் காரணம், தகுதிக்குக் காலாவதி உண்டு என்பதே. பயணிகளுடன் பறக்க, கடந்த 90 நாட்களில் அந்த வகையில் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை திறன் சோதனையில் தேற வேண்டும். மருத்துவச் சான்று தனியே நடப்பில் இருக்க வேண்டும். பணியில் இருப்பவருக்கு இவற்றையெல்லாம் நிறுவனம் செய்து கொடுக்கிறது. வெளியே நிற்பவர் சிமுலேட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தாமே செய்துகொள்ள வேண்டும். இரண்டு தகுதிகளை வைத்திருப்பவருக்கு இந்தச் செலவும் இரட்டிப்பாகிறது. பயன்படுவதோ ஒன்றுதான், ஏனெனில் பெரும்பாலான நிறுவனங்களில் விமானி ஒரு நேரத்தில் ஒரு வகையை மட்டுமே ஓட்டுகிறார். வேலை இழந்த முதல் மாதங்களில் புதுத் தகுதிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த பழைய தகுதியை நடப்பிலிருந்து நழுவவிடுவது, நிதானமாகக் கணக்கிட்டால், வேலைச் சந்தையில் விமானியிடம் இருக்கும் மிக விலையுயர்ந்த பொருளைக் கைவிடுவதாகும்.

உள்நாட்டில் எந்த வகையில் பற்றாக்குறை நிலவுகிறது என்பதை அறிய ஓரளவு நம்பத்தக்க குறியீடு ஒன்று உண்டு. இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டு விமானிகளைக் கொண்டுவர வேண்டுமானால், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் தற்காலிக அனுமதி பெற வேண்டும். அப்படி வருபவர்கள் பெரும்பாலும் கேப்டன்கள். எந்த வகைக்கு அவர்கள் வரவழைக்கப்படுகிறார்களோ, அந்த வகையில்தான் உள்நாட்டில் அனுபவமுள்ளவர்கள் போதவில்லை என்று பொருள். இந்தக் குறியீடும் கேப்டன்களின் பஞ்சத்தையே காட்டும். துணை விமானிகளின் வரிசை அதே வகையில் நீண்டு கிடக்கலாம். தேவையைத் தீர்மானிப்பது விமானங்களின் எண்ணிக்கை மட்டுமன்று, பணிநேர விதிகளும்தான் என்பதை 2025 டிசம்பர் தொடக்கத்தில் நாடு கண்டது: விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்ததை அடுத்து, 400-க்கு மேற்பட்ட விமானங்களை வைத்திருந்த இண்டிகோ, போதிய ஆள் திட்டமில்லாமல் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது.

ஏடிஆர் 72 போன்ற சுழல்விசிறி (டர்போபிராப்) விமானங்களை ஒரு படி கீழாகக் கருதும் மனப்பான்மை விமானிகளிடையே உண்டு. ஊதியம் குறைவு என்பதும், ஜெட் விமானங்களை இயக்கும் சில நிறுவனங்கள் அந்த மணி நேரங்களைக் குறைத்து மதிப்பிடுகின்றன என்பதும் மறுக்கத்தக்கவையல்ல. ஆனால் 2017-இல் தொடங்கிய உடான் திட்டத்தின் சிறு நகர வழித்தடங்களில் பெரும்பங்கு வகிக்கும் இவ்விமானங்களை அலையன்ஸ் ஏர், இண்டிகோ, 2024-இல் கோவாவிலிருந்து தொடங்கிய ஃப்ளை91 ஆகியவை இயக்குகின்றன. ஜெட் விமான வேலைக்காக இரண்டு ஆண்டுகள் வீட்டில் காத்திருப்பதைவிட, ஏடிஆரில் பறந்து மணி நேரம் சேர்ப்பது இளம் விமானியின் கோப்பைக் கனமாக்கும். நீண்ட காலம் பறக்காதவர் என்ற அடையாளம்தான் நேர்முகத் தேர்வுகளில் மிகவும் பாதிக்கிறது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, வேலை இழந்த விமானி சொந்தப் பணத்தில் புதிய வகைத் தகுதி வாங்குவது நியாயமாகும் நேர்வுகள் சிலவே: பயிற்சி முடிந்ததும் வழித்தடப் பயிற்சியோடு பணியில் சேர்ப்பதாக ஒரு நிறுவனம் எழுத்தில் உறுதியளித்திருக்கும்போது, ஏ330-இலிருந்து ஏ320-க்கு இறங்குவதுபோலக் குடும்பத்துக்குள் சுருக்கப் பயிற்சியால் கடக்க முடியும்போது, எம்ப்ரேயர் விமானிகளுக்கு நேர்ந்ததுபோல, கையில் உள்ள வகை உள்நாட்டிலிருந்தே மறைந்துபோகும்போது. முதலாவது நேர்விலும், பல நிறுவனங்கள் பயிற்சியைத் தாமே அளித்துவிட்டு ஒப்பந்தக் காலத்தில் ஊதியத்திலிருந்து பிடித்துக்கொள்ள முன்வருகின்றன என்பதால், முழுத் தொகையையும் முன்னதாகக் கட்டுவதற்குமுன் அந்த வழியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்த மூன்றிலும் அடங்காதவர்கள் கையிருப்பை முதலில் மருத்துவச் சான்றுக்கும், பழைய வகையின் ஆறு மாதச் சோதனைக்கும் ஒதுக்கட்டும். நிறுவனத்தின் கையொப்பமிட்ட கடிதம் கைக்கு வரும்வரை எந்தப் பயிற்சி மையத்துக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

(தொடரும்)